பழசாக்கிய போர்வை

நான் புத்தகம் கட்டுகிறவன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தின் பின்கட்டில் அச்சான தாள்களை மடித்து, அடுக்கி, மெழுகு பூசிய நூலால் தைத்து, அட்டை ஒட்டுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆகவே நான் கட்டிய புத்தகங்களில் பெரும்பாலானவற்றை வெளிப்பக்கமாகத்தான் எனக்குத் தெரியும்.

குடியிருந்தது வெள்ளவத்தையில். யாழ்ப்பாணத்து ஆண்கள் ஐந்து பேர் சேர்ந்து ரயில் பாதையோரம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். எல்லோருடைய பெண்சாதி பிள்ளைகளும் ஊரில். யுத்தத்தின்போது கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் மற்ற நால்வரும் ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்கு அச்சகத்தில் லீவு தரவில்லை. நாலு வெறுங்கட்டில்களுக்கு நடுவே என் கட்டில் மட்டும் விரித்தபடி கிடந்தது. சமைக்கும்போது ஐந்து பேருக்கான பானையில் ஒரு சுண்டு அரிசி போடுவேன். அது அடியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அந்த நாட்களில்தான் மகள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று மனைவி எழுதியிருந்தாள்.

மகளுடைய காரியம் எதிலும் நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. அவளுக்குப் பல் முளைத்தபோது அவித்த கொழுக்கட்டையில் நாலு, ரயிலில் வந்த ஒருவர் கையில் எனக்கு வந்தன. புளித்திருந்தன. சாப்பிட்டேன். எழுத்துக்கு ஏடு தொடக்கியது கடிதத்தில் தெரிந்தது. அவள் பெரியவளானபோது சாமத்தியச் சடங்குக்கு லீவு கிடைத்தும், நான் போய் இறங்கியபோது பந்தல் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கலியாணத்துக்கு மட்டும் முழுதாக நின்றேன். அப்போதும் மனைவியின் தம்பிதான், "அத்தான், இஞ்சால நில்லுங்கோ", "அத்தான், இப்ப கையை நீட்டுங்கோ" என்று விருந்தாளியை நடத்துவதுபோல் என்னை நடத்திக்கொண்டு போனான். மகள் என்னிடம் மரியாதையாக இருப்பாள். "வாங்கோ அப்பா, சாப்பிட்டியளா அப்பா" என்பாள். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது.

பிள்ளைப்பேற்றுச் சமயத்திலும் லீவு இல்லை என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். நான் போகாவிட்டாலும், பிள்ளை பிறந்த முதல் நாளிலேயே என் கையால் செய்த ஏதாவது ஒன்று அந்த வீட்டில் இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை பிடித்தது.

அச்சகத்துக்கு இரண்டு கடை தள்ளி ஒரு தையற்கடை இருந்தது. தையற்காரர் ஒரு முஸ்லிம் மனிதர். என்னைவிடப் பத்து வயது இளையவர், வாய் ஓயாதவர். அவர் அளவு எழுதும் கொப்பிகளை நான்தான் கட்டிக் கொடுப்பேன். ஒரு நாள் அங்கே ஒரு பறங்கிப் பெண்மணி, சின்னச் சின்னத் துணிச் சதுரங்களைச் சேர்த்துத் தைத்த போர்வை ஒன்றை மேசையில் விரித்து, ஓரம் அடித்துத் தரச் சொல்லிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைக்காம். அவர் போகும்வரை நின்றுவிட்டு, வெட்டி எறியும் துண்டுகளில் கொஞ்சம் தரமுடியுமா என்று தையற்காரரிடம் கேட்டேன்.

"எனத்துக்கு?"

சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க ஊசி புடிச்சீக்கிறீங்களா?"

"தினமும் பிடிக்கிறன்தானே."

"அது கோணி ஊசி. சரி, எடுங்க. சல்லி வேணாம், எனக்கு அடுத்த கொப்பியக் கட்டித் தாங்க."

துணி கூப்பனில் கிடைத்த காலம். அந்தத் துண்டுகளும் அவருக்கு உதவாதவை அல்ல. ஒரு பை நிறையத் தந்தார்.

சதுரம் வெட்டுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. அட்டை வெட்டுகிற கை. ஆனால் துண்டுகள் தாளைப்போல் சொன்ன இடத்தில் கிடக்கவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த வழியைச் செய்தேன். கோதுமை மாவில் பசை காய்ச்சி, எல்லாவற்றையும் அடித்துணியில் ஒட்டினேன். அச்சகத்தில் பூச்சி வராமல் பசையில் துரிசு என்ற நஞ்சுப் பொடி கலப்போம். பிள்ளையின் வாயில் படுமே என்று அதைப் போடவில்லை. காலையில் பார்த்தால் பலகைபோல் விறைத்துக் கிடந்தது. அதன் மேல் எறும்பு, கீழே கரப்பான்.

தையற்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை விரலால் தட்டினார். டொக்கென்று சத்தம் கேட்டது.

"புள்ளயப் படுக்க வெக்கப் போறீங்களா, அட்ட போட்டுக் கட்டப் போறீங்களா?"

கடைக்கு வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் அவர் ஒரு துண்டை எடுத்து, என்னைப் பக்கத்தில் இருத்திச் சொல்லித் தந்தார். முதலில் சதுரங்களை ஒன்றோடொன்று தைத்து ஒரே துணியாக்கவேண்டும். அதன் கீழே பிளனல், அதற்கும் கீழே ஒரு வெள்ளைத் துணி. மூன்றையும் ஊடுருவி வரிவரியாக நூலோட்டவேண்டும்.

இரண்டாவது முயற்சி சுருங்கிப்போயிற்று. புத்தகத்தில் ஒவ்வொரு தையலையும் இழுத்து இறுக்கவேண்டும், இல்லாவிட்டால் தாள் கழன்றுவிடும். இருபத்தைந்து வருஷம் இழுத்த கை தானாகவே இழுத்தது. போர்வை வற்றல் மிளகாய்போல் ஆயிற்று.

"ஊசியோட சண்ட புடிக்காதீங்க அண்ணே. நூல உடுங்க, அது போற எடத்துக்குப் போகும். வெட்டு மட்டும் நேரா ஈக்கிது, எங்கட பொடியனுகளுக்கும் இப்பிடி வராது."

பிரித்துத் தைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததிலிருந்து வெளிச்சம் போகும்வரை, கடலைப் பார்த்த ஜன்னலோரம் இருந்து தைத்தேன். பல ஞாயிறுகளில் என் குரலை நானே கேட்டதில்லை. மூன்று மாதத்தில் முடிந்தது. சிவப்பும் நீலமும் கோடு போட்டதுமாக, ஒரு குழந்தையின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு. நேராக இருந்தது.

இதைப் பற்றி நான் ஊருக்கு எழுதவில்லை. பிறக்காத பிள்ளைக்கு எதையும் தயார்பண்ணி வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மனைவி அதில் கடுமை. பிறந்த செய்தி வந்ததும் அனுப்பலாம் என்றிருந்தேன். அதற்குள் அவளுடைய கடிதம் வந்தது. "உங்களுடைய பழைய வேட்டிகள் இருந்தால் தோய்த்து அனுப்புங்கள். பச்சைப் பிள்ளைக்குப் பழந்துணிதான் போடலாம். புதிதாக ஒன்றும் வாங்கிவிடவேண்டாம், முப்பத்தோராம் நாள் கழியும்வரை புதுத்துணி பிள்ளையின் மேலில் படக்கூடாது."

அந்த வழக்கமும் எனக்குத் தெரிந்ததுதான். வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்காதவனுக்கு அது நினைவில் இருக்கவில்லை. மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்துப் பார்த்தேன். கஞ்சி வாசம் போகாத புத்தம்புதுத் துணி.

பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் ஏழெட்டுக் கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், இருந்தது. அன்றே அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தோய்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் சவர்க்காரம் போட்டுக் கல்லில் அடித்து, பிழிந்து, கொடியில் போட்டுவிட்டுப் போவேன். உப்புக்காற்றும் வெயிலும் பகல் முழுவதும் அதைப் பார்த்துக்கொள்ளும். மாலையில் எடுத்து உதறி, அதன்மேல் இருந்து சாப்பிடுவேன், அதையே தலைக்கு வைத்துப் படுப்பேன். சிவப்புச் சாயம் கோடு போட்ட துணியில் இறங்கிற்று. நீலம் வெளிறிற்று. இரண்டு இடத்தில் தையல் விட்டது. இறுக்காமல் மறுபடி தைத்தேன்.

பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி ஒரு மாதமாக அந்தக் கொடியைப் பார்த்திருக்கிறார். ஒரு காலையில் வேலிக்கு மேலாகக் கேட்டார்: "பபா கோ, மாத்தயா?"

பிள்ளை எங்கே என்கிறார். ஆளில்லாத வீட்டில் தினமும் பிள்ளைத் துணி காய்ந்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். "யாப்பனே" என்றேன், யாழ்ப்பாணத்தில் என்று. சொன்ன பிறகுதான், இன்னும் பிறக்காத பிள்ளையை இருப்பதாகச் சொல்லிவிட்டேனே என்று பயந்தேன். பிள்ளை பிறந்த தந்தி வரும்வரை அந்தப் பயம் போகவில்லை.

தந்திக்கு முந்திய கிழமையே, இனி இதுவும் பழந்துணிதானே என்று, வேட்டிகளோடு போர்வையையும் சேர்த்துக் கட்டி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தேன். கடிதம் வைக்கவில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பார்த்தால் நான் தைத்தது என்று தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

மனைவி எழுதினாள்: "ஆண்பிள்ளை. உங்களுடைய மூக்கு. முதல் நாளே நீங்கள் அனுப்பிய போர்வையில்தான் கிடத்தினோம். எந்த வீட்டுப் பிள்ளையுடையது? நோய் நொடி இல்லாமல் வளர்ந்த பிள்ளைதானே?"

அவ்வளவு நன்றாகப் பழசாக்கிவிட்டேன். நான் தைத்தது என்று எழுதினால் புதுத்துணியை ஏமாற்றிக் கொடுத்தேன் என்று ஆகிவிடுமோ என்றும் யோசித்தேன். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். கடைசியில், "தெரிந்த வீடுதான். பயமில்லை" என்று மட்டும் எழுதிப் போட்டேன்.

அடுத்த வருஷம் மருமகனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. கிருலப்பனையில் வீடு எடுத்தார்கள். ஒரு ஞாயிறு மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். திரும்பி வந்திருந்த மற்ற ஆண்கள் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். அவள் போர்வையைத் தரையில் விரித்துப் பேரனை விட்டாள். அவன் ஒரு சதுரத்திலிருந்து இன்னொரு சதுரத்துக்குத் தவழ்ந்தான்.

"அப்பா, இது தந்த வீட்டுக்காரர் கிட்டவோ இருக்கினம்? வந்தனாங்கள்தானே, பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டிப்போட்டு வருவம். இது இல்லாட்டி இவன் நித்திரை கொள்ளான்."

தப்பிக்க வழியில்லை. "இந்த வீடுதான், பிள்ளை" என்றேன்.

"எந்த வீடு?"

"இதுதான். நான்தான் தைச்சனான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "அப்பா பகிடியும் விடுவியள் எண்டு அம்மா ஒரு நாளும் சொல்லேல்லை."

"இல்லைப் பிள்ளை…"

"விளங்குது அப்பா. ஆக்களின்ர வீட்டுக்குப் போக உங்களுக்கு வெக்கம். அம்மா அதை மட்டும் சொன்னவ." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கோ, பிள்ளை நல்லா இருக்கிறான் எண்டு."

ஊசியும் மிச்சத் துண்டுகளும் கட்டிலுக்குக் கீழே பெட்டியில்தான் இருந்தன. எடுத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் அவள் என் எதிரே இருந்து அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

"சொல்லிவிடுறன்" என்றேன்.