ஒன்பது மில்லிசெகண்ட் முன்னால்

நான் கதை எழுதுகிறவன் இல்லை. கிட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். இருபத்திரண்டு வருடமாக சால்டரிங் புகையை முகர்ந்து மூக்கு மரத்துப்போன ஆள். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "முதல்ல உங்க வீட்டு வயரிங்கைப் பாருங்க" என்று கிண்டல் செய்தே பழக்கம். அதனால் இதைப் படித்துவிட்டு, காதில் பூ சுற்றுகிறான் என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கோபம் வராது. ஆனால் இது நடந்தது. நேரத்தையெல்லாம் அன்றைக்கே ஒரு தாளில் குறித்து வைத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. புதன்கிழமை, பட்டப்பகல், மத்தியானம் மூன்று மணி. வெயில் ஜன்னல் வழியாக என் வேலை மேஜை வரைக்கும் வந்திருந்தது. எதிர் மாடியில் ஒரு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

ஐந்து வருடத்துக்கு முந்தைய விஷயம். என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஒரு இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். அவனுடைய பன்னிரண்டு வயதில் மாமனார் தவறிப்போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். அவன் கையில் முதல் கிட்டாரைக் கொடுத்தது நான். எங்களுக்குக் குழந்தை இல்லை. என் மனைவிக்கு அவன் பேருக்குத்தான் தம்பி, உண்மையில் பிள்ளை. எனக்கும் அப்படித்தான், வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

பைக்கிலிருந்து விழுந்து தோள் மூட்டு விலகியதிலிருந்து, கனமான கிட்டாரை மாட்டிக்கொண்டு அவனால் அரை மணி நேரம்கூட நிற்க முடியவில்லை. அதனால் ஒரு தச்சரிடம் சொல்லி, தன் உடம்புக்கு ஏற்ற மாதிரி, லேசான மரத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்து வாங்கியிருந்தான். உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கூடு. கூடவே, பழைய சாமான் கடையில் பிடித்த ஒரு மாடலிங் கிட்டாரும் கொண்டுவந்தான். அதன் கழுத்து உடைந்திருந்தது. உள்ளே இருக்கிற போர்டு நன்றாக இருந்தது.

மாடலிங் கிட்டார் என்றால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் அதன் வயிற்றில் இருக்கும். ஒவ்வொரு கம்பிக்குக் கீழேயும் ஒரு சென்சார். கம்பி அதிர்ந்ததும் அந்தக் கம்ப்யூட்டர் யோசித்து, நீங்கள் குமிழைத் திருப்பி வைத்த கிட்டாரின் குரலில் சத்தம் கொடுக்கும். ஒரே கிட்டாரில் இருபது கிட்டார்.

"இதோட குடலை எடுத்து இதுக்குள்ள வைங்க மாமா. சனிக்கிழமை ஷோ."

"நான் என்ன ஆஸ்பத்திரியா நடத்துறேன், மாப்ள?"

"நீங்க டாக்டருக்கும் மேல."

ஐஸ் வைப்பதில் அக்காவும் தம்பியும் ஒரே ரகம்.

இரண்டு நாள் வேலை. ஆறு சென்சாரிலிருந்தும் வருகிற வயர்கள் தலைமுடி கனம்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டி, அறுக்காமல் எடுத்தேன். மரத்தைக் குடைந்து, உள்ளே செப்புத் தகடு ஒட்டி, போர்டைப் பொருத்தினேன். புதன்கிழமை 2:50க்குக் கடைசித் திருகை முறுக்கினேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்.

இந்த வகைக் கிட்டாரில் கை முதலில், சத்தம் பிறகு. உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் யோசிக்க எடுக்கிற நேரம். சில மில்லிசெகண்ட்தான், காதுக்குத் தெரியாது. ஆனால் அளக்காமல் நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். கம்பிக்குப் பக்கத்தில் ஒரு மைக்கை வைப்பேன். கிட்டாரிலிருந்து வருகிற கேபிளை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஸ்பீக்கர் பெட்டிக்கும் ஒன்றை லேப்டாப்புக்கும் கொடுப்பேன். மைக்கில் பதிவானதையும் கிட்டாரிலிருந்து பதிவானதையும் திரையில் மேலும் கீழுமாக வைத்து இடைவெளியைப் பார்ப்பேன்.

3:08. ஒரு கம்பியைத் தட்டினேன். இடைவெளி ஒன்பது மில்லிசெகண்ட். கொஞ்சம் அதிகம்தான், பரவாயில்லை என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன். கிட்டாரின் சத்தம் மைக்குக்குப் பின்னால் இல்லை. முன்னால் இருந்தது.

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு இது. இரண்டு கேபிளையும் மாற்றிச் சொருகிவிடுவது. என்னை நானே திட்டிக்கொண்டு மாற்றிச் சொருகினேன். 3:14க்கு மறுபடி தட்டினேன். இப்போது திரையில் கோடுகள் இடம் மாறியிருந்தன. ஆனால் கிட்டார்தான் முன்னால். அதே ஒன்பது. அப்படியென்றால் முதலில் சொருகியதுதான் சரி.

பேட்டரியை மாற்றினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். 3:21. இடைவெளி நாற்பது. 3:26. அறுநூறு.

அறுநூறு என்றால் அரை வினாடிக்கும் மேல், காதாலேயே கேட்கலாம். என் விரல் கம்பியை நோக்கி இறங்குகிறது... அதற்குள் ஸ்பீக்கரில் சத்தம் வந்துவிடுகிறது. பிறகுதான் விரல் கம்பியைத் தொடுகிறது.

தொழில் புத்தி விடவில்லை. சத்தம் வந்த பிறகு நான் தட்டாமல் இருந்துவிட்டால்? அதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கிட்டாரை மேஜையில் மல்லாக்க வைத்தேன். பக்கத்தில் நின்று காத்திருந்தேன்.

3:33. ஸ்பீக்கரில் ஆறு கம்பியும் ஒன்றாக... ஜ்ரிங்ங்ங். கடைசியில் ஒரு "டக்".

நான் தட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாய்விட்டு எண்ணினேன். ஒன்று... இரண்டு... மூன்று...

பதினொன்று.

மேலே பலகையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் உருண்டு வந்து கம்பிகள் மேல் விழுந்தது.

ஜ்ரிங்ங்ங். டக்.

அந்த நிமிடமே கேபிளைப் பிடுங்கியிருக்க வேண்டும். ஏன் பிடுங்கவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். ஒரு கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் என்னால் விட முடியாது. லேப்டாப் பதிவு செய்துகொண்டே இருந்தது.

3:41. ஸ்பீக்கரில் கதவு தட்டுகிற சத்தம். மூன்று தட்டு. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்... "மாமா."

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. படிக்கட்டு காலியாக இருந்தது.

3:52. கதவில் மூன்று தட்டு.

"மாமா."

மச்சினன் நின்றிருந்தான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனான். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவன் விசிலடிக்கிற சத்தமும் கேட்டது.

3:54.

ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம். ம்ம்ம்ம்...

பிறகு அவன் குரல்.

"மாமா... கைய எடுக்க முடியல."

பின்பக்கம் அவன் விசிலடித்துக்கொண்டுதான் இருந்தான். அதே நேரத்தில்... ஸ்பீக்கரிலும் அவன்தான்.

"மாமா..."

பல் கிட்டித்த குரல்.

ஒரு பெண் அலறினாள். என் மனைவி. பதினெட்டு வருடமாகக் கேட்கிற குரல், எனக்குத் தெரியாதா?

"சில்லு, கிட்ட போகாத... அப்பாவத் தொடாத..."

ஏதோ கனமாக விழுந்தது.

பிறகு ஒன்றுமே இல்லை.

குழாய் நின்றது. மச்சினன் கையை உதறிக்கொண்டே வந்தான். வெறுங்கால். ஈரக் கை.

"முடிஞ்சிருச்சா மாமா?"

கிட்டாரை நோக்கிக் கையை நீட்டினான்.

பிடித்துத் தள்ளினேன். அவன் மேல் நான் கை வைத்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியோடு போய் விழுந்தான்.

"தொடாத. எதையும் தொடாத."

மீட்டரை எடுத்தேன். ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும், ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் வைத்தேன். நூற்றுத் தொண்ணூறு வோல்ட்.

பிளக்கைப் பிடுங்கித் திறந்து பார்த்தேன். ஸ்பீக்கர் பெட்டியின் எர்த் வயர் திருகிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கோ கசிகிற கரண்ட் போக வழியில்லாமல், கிட்டார் கம்பி வரைக்கும் வந்து நின்றிருந்தது. நான் ரப்பர் செருப்பு போட்டிருந்தேன். அதனால் எனக்குத் தெரியவில்லை. அவன் வெறுங்காலில் ஈரக் கையோடு அதைப் பிடித்திருந்தால்...

மச்சினன் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். "நல்லவேளை மாமா," என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே அந்த போர்டைக் கழற்றிச் சுத்தியலால் தூளாக்கினேன். உள்ளே, கம்பியின் அதிர்வை மட்டும் பிடிக்கிற சாதாரண காந்தப் பிக்கப் வைத்துக் கொடுத்தேன். போர்டு சரிப்பட்டு வரவில்லை என்று சொன்னேன், நம்பிவிட்டான். சனிக்கிழமை அதில்தான் வாசித்தான். நன்றாகவே வாசித்தான்.

பழைய சாமான் கடைக்காரருக்குப் போன் செய்து, முதலில் யாருடைய கிட்டார் அது என்று கேட்டேன். யாரோ அதைப் பிடித்தபடியே செத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

"ஒரு ஸ்கூல் வாத்தியாரு. கழுத்து உடைஞ்சிருச்சுன்னு வித்தாரு. நேத்துகூட கடைக்கு வந்தாரே. ஏன், பேய் கீய் எதாச்சும் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்.

செத்தவர் யாரும் இல்லை.

பதிவை இன்னொரு தடவை மட்டும் கேட்டேன். அவன் குரல், அவள் குரல், எல்லாம் அப்படியே இருந்தன. என் மனைவியிடம் சொல்லவில்லை. அவளுடைய அலறலை அவளுக்கே எப்படிப் போட்டுக் காட்டுவது? நடக்க இருந்ததை முன்னாலேயே கேட்டேன், தடுத்துவிட்டேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் அன்றைக்கு வீட்டிலேயே இல்லை. அவனுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. அப்பாவாம்... யாருடைய அப்பா? எங்கள் சொந்தத்தில், தெரிந்தவர்களில், சில்லு என்று ஒருவரும் இல்லை. ஏதோ ரேடியோ சத்தம் கலந்திருக்கும் என்று அதையும் ஒதுக்கித் தள்ளினேன்.

அதிலிருந்து அவனுடைய ஒரு நிகழ்ச்சியையும் நான் விட்டதில்லை. அவன் மேடை ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிளக்கையும் சோதிப்பேன். குழுவில் எல்லோரும் என்னை 'மீட்டர் மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

அடுத்த வருடம் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. ஒரு பெண் குழந்தை. இப்போது மூன்று வயது. எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். என் மனைவி அவளைத் தரையில் விடுவதே இல்லை.

போன மாதம் பாப்பா வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். முன்பல் ஒரு ஓரம் உடைந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மச்சினன் கூடத்தில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, பாப்பாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கர் பெட்டியின் பிளக்கை நான் ஏற்கெனவே சோதித்திருந்தேன். பாப்பா உடைந்த பல்லைக் காட்டிச் சிரித்தபடி அப்பாவைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏ சில்லு, இங்க வா."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சினன்தான் ரொம்பச் சிரித்தான். நான் எழுந்து போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அவர்கள் போன பிறகு மனைவியிடம் கேட்டேன். ஏன் அப்படிக் கூப்பிட்டாய், யார் சொன்னார்கள் என்று.

"யாரு சொல்லணும்? பல்லுல ஒரு சில்லு பேந்திருக்குல்ல. சும்மா வாயில வந்துச்சுங்க," என்றாள்.

அப்படிக் கூப்பிடாதே என்று கெஞ்சிப் பார்த்தேன். காரணம் கேட்டாள். பெயர் நன்றாக இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சினனும் அவன் மனைவியும்கூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். குழந்தையும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது.