திருப்தியாயிருங்கள், தகரம் பிறகு பார்ப்போம்

மொழிபெயர்ப்பாளர் வேலையில் உள்ள கேடு என்னவென்றால், அடுத்தவர் உளறினாலும் நம் வாய்தான் வலிக்கும். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். இங்கிலீஷ் தெரிந்த குற்றத்துக்காக, டயகமப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டச் சபையில் பிரசங்கிகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். கூலி, பிளேன்டீயும் ஒரு பணிஸ் பன்னும். இதே பாடு படுகிற சக பாவிகளே, கேளுங்கள்.

அபிஷேகம்

முதலில் வந்தவர் கொழும்புப் பாஸ்டர். இருப்பதில் திருப்தி கொள்வது பற்றிப் பேச்சு. "மழையும் ஆசீர்வாதமே" என்று இங்கிலீஷில் கீச்சுக் குரலில் ஆரம்பித்து, கடைசிச் சொல்லில் உறுமுவார். உடனே கைக்குட்டையால் நெற்றியைத் துடைப்பார். நானும் அதே கீச்சு, அதே உறுமல். கைக்குட்டை இல்லாததால் ஸ்வெட்டர் கையால் துடைத்தேன். சனம் குலுங்கிச் சிரித்தது.

முன் பெஞ்சில் எஸ்தர் அக்காவும் சிரித்தார். கொழுந்து பறிக்கிறவர். காற்றில் அவருடைய லயத்து வீட்டின் கூரைத் தகரம் பறந்துபோய், ரெண்டு பிள்ளைகளோடு பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே படுத்துக்கொண்டிருந்த நேரம் அது. தோட்டத்து ஆபீஸில் "பார்ப்போம்" என்றிருந்தார்கள். சிரிப்பைக் கண்டு பூரித்துப்போன பாஸ்டர் என் தலையில் கைவைத்து, அரைகுறைத் தமிழில் சொன்னார்: "இந்தப் பிள்ளைக்கு நல்ல அபிஷேகம் இருக்கு."

அட்டை

அடுத்தது ஒரு வெளிநாட்டு அம்மா. "காலில் முள் குத்தினாலும் நன்றி சொல்லுங்கள்" என்று மூக்கால் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. பெஞ்சின் மேல் ஏறி ஒரே கூச்சல். அதையும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்: நானும் பெஞ்சில் ஏறிக் கூச்சல் போட்டேன். எஸ்தர் அக்கா அலட்டிக்கொள்ளாமல் எழுந்தார்: "நீங்க நன்றி சொல்லிக்கிட்டிருங்கம்மா, நான் உப்பு எடுத்தாறேன்."

வராத குரல்

எல்லாக் குரலும் எனக்கு வரும். எஸ்தர் அக்கா சபையில் பாடுவது மட்டும் வரவில்லை. கூரை போனவருக்கு என்ன பாட்டு, சபைக்கு முன்னால் நடிப்பாகத்தான் இருக்கும் என்று அவர் வீட்டுப் பக்கம் ஒட்டுக்கேட்கப் போனேன். அடைமழை. ஒழுகும் இடத்துக்கெல்லாம் சட்டியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, சபையார் யாரும் இல்லாத வீட்டிலும் அதே பாட்டு.

"அழுகை வரலியாக்கா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு, அழுதேன். ஆனா கர்த்தரும் எங்ககூடத்தானே நனையிறாரு, அவருகிட்ட எம்புட்டு நேரந்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிறது?"

ஆமென்

கொழும்புப் பாஸ்டர் மறுபடி வந்தார், இம்முறை தொரை பங்களாவின் விருந்தாளியாக. தொரை என்றால் எங்கள் தோட்டத்து மேனேஜர். அதே திருப்தி, அதே உறுமல். சாட்சி சொல்லும் நேரத்தில் எஸ்தர் அக்கா எழுந்தார்.

"நிம்மதியாத்தான் இருக்கேங்க ஐயா. அதக் கர்த்தர் குடுத்துட்டாரு. தகரத்தத் தொரைதான் குடுக்கணும். நீங்க அவரு வீட்டுலதானே சாப்பிடுறீங்க, கேட்டுத் தாங்க."

இதை மட்டும் யார் குரலையும் இரவல் வாங்காமல், என் குரலிலேயே இங்கிலீஷில் சொன்னேன்.

பாஸ்டர் அவசரமாகக் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். முடித்தார். ஆமென் வரவில்லை. சபை ஆமென் சொல்லாமல் எங்கள் ஊரில் எந்த ஜெபமும் முடிந்ததில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். எல்லாரும் பக்தியாய்த் தலைகுனிந்து, வாயை இறுக மூடியிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் ஜெபித்தார். அப்போதும் இல்லை. கடைசியில் உறுமாமல், "இன்றைக்கே மேனேஜரிடம் பேசுகிறேன்" என்றார். மொழிபெயர்த்தேன்.

எஸ்தர் அக்கா சொன்னார்: "இப்ப ஆமென்."

அந்தக் கிழமை முடிவதற்குள் தகரம் வந்துவிட்டது. ஆக, திருப்தியைப் பிரசங்கிக்க வருகிறவர்களிடம் நான் கண்ட ஒரே பயன், அவர்கள் யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்பதுதான்.