எதிர் வீட்டுச் செங்கல் சுவர்

மழைக்காலம் முடிந்ததும் என் பழைய லென்ஸை எடுத்துப் பார்ப்பது வழக்கம். முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படமெடுக்கும் பெட்டிக் கேமராவுக்கான லென்ஸ் அது. உள்ளங்கையை நிறைக்கும், கனக்கும். தி. நகரில் ஒரு ஸ்டுடியோவைக் காலி செய்தபோது வாங்கினேன். வயதில் என்னைவிட மூத்தது.

நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடிக்குப் பூஞ்சை பிடித்துவிடும். அந்த வருடமும் பிடித்திருந்தது. டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தபோது, பின்பக்கக் கண்ணாடியின் உட்புறத்தில் நூல் நூலாகக் கோடுகள். நல்லவேளையாக இந்த வகை லென்ஸில் முன்பாதியையும் பின்பாதியையும் கையாலேயே திருகிக் கழற்றிவிடலாம். நடுவில் ஷட்டர் மட்டும் தனியாக நிற்கும். கழற்றி, மெல்லிய தாளில் ஸ்பிரிட் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு வட்டமாகத் துடைத்தேன். கோடுகள் போய்விட்டன. திரும்பப் பூட்டினேன்.

பூட்டினால் போதாது. மூலைக்கு மூலை கூர்மையாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தட்டையான, நுணுக்கமாகக் கோடுகள் உள்ள ஏதாவது வேண்டும். அபிராமபுரத்தில் எங்கள் முதல் மாடி ஃபிளாட்டுக்கு நேர் எதிரே ஒரு தனி வீடு. எங்கள் பக்கம் பார்த்த அதன் பக்கவாட்டுச் சுவர் பூசாத செங்கல். இதைவிட நல்ல சுவர் கிடைக்காது என்று எங்கள் பால்கனியில் கேமராவை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வெளிச்சத்தில் துணிக்குள் புகுந்து, பின்புறத்துத் தேய்த்த கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சுவரை ஒட்டி அந்த வீட்டு பால்கனி இருந்தது. அது என் நினைப்பிலேயே இல்லை.

இரண்டாவது ஞாயிறோ மூன்றாவதோ, வாட்ச்மேன் மேலே வந்தார்.

"சார், எதிர்வூட்டம்மா வந்துகீறாங்க. கோவமா கீறாங்க."

அவருக்குப் பின்னாலேயே அந்த அம்மாள் படியேறி வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். தெருவில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

"வாரா வாரம் எங்காத்து பால்கனியையே பாத்துண்டு நிக்கறேளே. அங்க என் பொண்ணு வந்து நிக்கறா. இது நன்னாவா இருக்கு?" என்றார். குரலை உயர்த்தவில்லை.

"மாமி, நான் சுவரைத்தான் பாக்கறேன்."

"செவுத்தையா?"

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "நெஜமாவே செவுத்தைத்தான் மாமி. முதல்லயே உங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு இவர்கிட்ட நானும் சொன்னேன். கேட்டாத்தானே," என்றாள். அவள் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அது உதவியது.

நான் மாமியிடம், "நீங்களே பாருங்க," என்று துணியைத் தூக்கிப் பிடித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே தலையை விட்டார்.

"தலைகீழான்னா தெரியறது," என்றது துணிக்குள்ளிருந்து வந்த குரல்.

"ஆமா மாமி, இதுல அப்படித்தான் விழும்."

நிமிர்ந்து எதிரே பார்த்தேன். அவருடைய மகள் பால்கனிக்கு வந்திருந்தாள். காதில் போனை வைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்வையைத் தரையில் போட்டேன். மாமி துணிக்குள்ளேயே இருந்தார். என் மனைவி காபி கலந்து எடுத்து வந்த பிறகுதான் வெளியே வந்தார். தலைமுடி கலைந்திருந்தது. அதைச் சரிசெய்யவில்லை.

"சிரிக்கறா," என்றார்.

காபியைக் கையில் வாங்கிக்கொண்டு அவரே சொன்னார். மகள் விவாகரத்தாகிப் புனேயிலிருந்து திரும்பி வந்து சில மாதங்கள் ஆகின்றன. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில். மற்ற நேரம் அறைக்கதவு சாத்தியே இருக்கும். "இவ இனிமே சிரிக்கவே மாட்டாளோன்னு நெனச்சுண்டிருந்தேன்."

"யாரோட பேசறா?" என்று என் மனைவி கேட்டாள்.

"தெரியலை. கேக்கவும் போறதில்லை." டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "நான் பாத்தேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்கோ. செவுத்தைக் கீழ வந்தே எடுத்துக்கோங்கோ."

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில், மாமர நிழலில் கேமராவை நிறுத்தினேன். படத்தில் விழும் சுவர்ப்பகுதியின் நான்கு மூலையிலும் நடுவிலும் செய்தித்தாள் ஒட்டினால் எழுத்தை வைத்துக் கூர்மையைத் துல்லியமாகப் பார்க்கலாம். ஒட்டிக்கொண்டிருந்தபோது மகள் வெளியே வந்தாள்.

"கறுப்புத் துணி போட்டுண்டு நிக்கறது நீங்கதானா? மெட்ரோக்கு சர்வே எடுக்கறாங்கன்னு நெனச்சேன்," என்றாள். கேட்காமலே டேப்பை வாங்கி உயர மூலைகளில் ஒட்டிக் கொடுத்தாள். நான் ஷட்டரை ஒரு நொடிக்கு வைத்து அழுத்தியதும் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது ஒரு செகண்டா? அதிகமா இருக்கே."

போனில் அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து, திறக்கும் 'டிக்'குக்கும் மூடும் 'டிக்'குக்கும் இடைவெளியைத் திரையில் அளந்து காட்டினாள். ஒன்றரை நொடியைத் தாண்டியிருந்தது. பழைய ஷட்டர்கள் மெதுவான வேகங்களில் இப்படி இழுக்கும். அதற்கேற்பக் கணக்கை மாற்றிக்கொண்டால் போதும் என்றேன்.

பெரிய அளவில் மலிவாகக் கிடைக்கும் எக்ஸ்ரே பிலிமில் எடுத்து, குளியலறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக் கழுவினேன். நடுவில் இருந்த செய்தித்தாளில் வரி விளம்பரம்கூடப் படிக்க முடிந்தது. ஒரு பக்கத்து மூலைகள் மட்டும் குழைந்திருந்தன. லென்ஸ் போய்விட்டது என்று அன்று முழுக்க மனம் சோர்ந்து கிடந்தேன். மறுநாள்தான் பின்பாதியைக் கழற்றிப் பார்க்கத் தோன்றியது. துடைத்துப் பூட்டியபோது திருகு மரை கோணலாக ஏறியிருந்தது. பின்னோக்கித் திருகி, மரை சரியாக உட்காரும் அந்தச் சின்னத் தட்டல் விரலுக்குத் தெரிந்த பிறகு மெதுவாக ஏற்றினேன். அடுத்த வாரம் எடுத்த படத்தில் நான்கு மூலைகளும் நடுவைப் போலவே இருந்தன.

நெகட்டிவைக் காட்டப் போனபோது, "இதுல ஆளையும் எடுக்கலாமா?" என்று மகள் கேட்டாள். எடுக்கலாம், ஆனால் ஒன்றரை நொடி அசையாமல் இருக்க வேண்டும் என்றேன். மாமி மாட்டேன் என்றார், புடவை சரியில்லை என்றார். மகள் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் நின்றாள். நான் ஷட்டரை அழுத்திய நேரத்தில் மாமி தலையைத் திருப்பி மகளைப் பார்த்துவிட்டார்.

படத்தில் மாமியின் முகம் புகைபோல இழுபட்டிருந்தது. இன்னொன்று எடுக்கலாம் என்றேன்.

"எதுக்கு? அவ மூஞ்சி நன்னா வந்திருக்கே," என்று வாங்கிக்கொண்டார். அதைக் கூடத்தில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். மகள் இப்போது பெருங்குடியில் வேலைக்குப் போகிறாள். காலையில் கேப்புக்காகத் தெருமுனையில் நிற்கும்போது பார்த்தால், "ஷட்டர் எப்படி இருக்கு சார்?" என்று கேட்பாள். இன்னும் இழுக்கிறது என்பேன்.