ஒட்டடைக்கம்பு வீரர்

பருத்திப்பட்டில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் துப்பாக்கி சுடும் போட்டி வீரர். அவரைப் பார்த்து அணில்கூடப் பயப்படாது. அவர் சுட்டதெல்லாம் காகிதத்தில் வரைந்த வட்டங்களை. ஆனாலும் தேர்தல் வந்தால், ஊர் அமைதிக்காக அவர் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். அரிவாளோடு திரிந்தவர்களிடம் யாரும் எதையும் வாங்கி வைக்கவில்லை.

தொண்ணூறுகளில் டெல்லி ஆட்சி அடிக்கடி கவிழ்ந்தது. துப்பாக்கி ஸ்டேஷனிலேயே குடியிருந்தது. இவர் ஒட்டடைக்கம்பின் நுனியில் செங்கல்லைக் கட்டி, தோளில் அணைத்து, மொட்டைமாடியில் அசையாமல் நின்று பயிற்சி செய்வார்.

"இந்தவாட்டி யார் சார் ஜெயிக்கணும்?" என்று கேட்டேன்.

"எவனாச்சும் ஜெயிச்சிகினு போட்டும்பா. அஞ்சு வருசம் கவுறாம உக்காந்துகினா போதும்."

அடுத்த ஆண்டே ஆட்சி கவிழ்ந்தது. தெருவே பட்டாசு வெடித்தது. எதிர்வீட்டு மாடியில் ஒருவர் மட்டும் செங்கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.