மூன்றாவது பிளக்

நான்காம் வகுப்புப் படித்த ஆண்டில் என்னிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. வீட்டில் எந்தப் பொருளை நகர்த்துவதாக இருந்தாலும், நகர்த்துவதற்கு முன் அது எங்கே, எப்படி இருந்தது என்று அதில் எழுதிவிடுவேன். கத்தரிக்கோல் காணாமல் போனாலும் சரி, கதவுச் சாவி காணாமல் போனாலும் சரி, அம்மா முதலில் கூப்பிடுவது என்னைத்தான். கையில் எழுத்து இருந்தால் வாதாடலாம் என்பதை நான் பத்து வயதுக்குள் கண்டுபிடித்திருந்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பிறகு எழுதிய நாட்குறிப்புகளுக்கெல்லாம் அதுதான் மூத்தது.

அப்போது நாங்கள் ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பெங் போகும் சாலையை ஒட்டிய ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருந்தோம். அம்மா பிறந்த ரப்பர் தோட்டம் அங்கிருந்து இரண்டு கல் தொலைவு. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் ஆள் இல்லை. தோட்டத்துச் சாலை மட்டும் நேராகவும் காலியாகவும் கிடந்தது. அந்தச் சாலையை என் மாமா அளவுக்கு நேசித்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

மாமா, அம்மாவின் தம்பி. டயர் கடையில் வேலை. எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தார். பழைய ஜப்பான் கார் ஒன்றை வெறும் கூடாக வாங்கி, அதில் அதன் தகுதிக்கு மீறிய பெரிய இஞ்சினை ஏற்றி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டைப் பூட்டியிருந்தார். இரண்டையும் இஞ்சினோடு சேர்க்கும் குழாய்கூட அவரே பற்றவைத்ததுதான். அதை அவர் கிளப்பினால் பக்கத்து வீட்டுச் சீனப்பாட்டி சன்னலை ஒவ்வொன்றாகச் சாத்துவார். நான்கு சன்னல். வரிசை மாறியதே இல்லை. அந்த ஒழுங்குக்காக எனக்கு அவரைப் பிடிக்கும்.

காரை வேகமாக ஓட்டிவிட்டு வந்ததும் மாமா செய்யும் முதல் வேலை, இஞ்சினுக்குள் பொறி போடும் நான்கு பிளக்கையும் கழற்றிப் பார்ப்பது. அவற்றை வைக்க முட்டை அட்டையிலிருந்து ஒரு வரிசை வெட்டி வைத்திருந்தார். நான்கு குழி, ஓரத்தில் ஒன்று முதல் நான்கு வரை எண். பொறி பறக்கும் முனை மேலே தெரியும்படி ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் நிறுத்துவார். எண் மாறினால் இஞ்சினின் நான்கு வயிறுகளில் எதில் கோளாறு என்று தெரியாது.

"டாக்டரு நாக்க நீட்டச் சொல்றாருல்ல, அந்த மாதிரிலா," என்பார். உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் பால் ஊற்றிய கோப்பி நிறத்துக்கு வந்திருந்தால் இஞ்சின் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமாக மினுங்கினால் எண்ணெய் ஏறுகிறது. பீங்கான் வெள்ளையாகவே இருந்தால் பெட்ரோல் போதாமல் உள்ளே வேகிறது என்று பொருள். எனக்கு இந்தக் கடைசி விதி மட்டும் நியாயமாகப் படவில்லை. எங்கள் வீட்டில் வெள்ளை என்றால் சுத்தம்.

அந்த ஆண்டு மாமாவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஈப்போவில் பந்தயக் கார்க் குழு வைத்திருந்த ஒரு தவுக்கே, சீன முதலாளி, கோப்பெங் பக்கம் ஈயம் எடுத்துத் தீர்ந்த மணல்வெளியில் கார்களை ஓட்டிப் பார்க்க இளைஞர்களைக் கூப்பிட்டிருந்தார். தானே கட்டிய காரை ஐந்து சுற்று ஓட்டி, குறித்த நேரத்துக்குள் முடித்துக் காட்டுகிறவருக்குக் குழுவில் மெக்கானிக் வேலை. விஜயதசமி அன்று காலை ஒன்பது மணிக்கு ஓட்டம். மாமா அதற்காக மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை என்பதையே மறந்திருந்தார். டயர் கடையை விட்டு வெளியே போக அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அதற்கு முதல் நாள் சரஸ்வதி பூசை. அதிகாலையில் மாமா தோட்டத்துச் சாலையில் காரை ஓட்டிவிட்டு வந்து, பிளக்குகளைக் கழற்றி, முட்டை அட்டையைச் சமையலறைப் படியில் வைத்துவிட்டு, "அக்கா, பாக்க நேரமில்ல. வேலைக்குப் போயிட்டு வந்து பாத்துக்கிறேன்," என்று கிளம்பினார்.

அம்மாவுக்கு அன்று கையுறை ஆலையில் விடுப்பு. கையுறைகளை ஊதிப் பிடித்து ஊசித்துளை தேடுவது அவர் வேலை. வீட்டில் விடுப்பு எடுத்தால் அழுக்குத் தேடுவார். "ஆயுதம் எல்லாத்தையும் சுத்தம் பண்ணி சாமிகிட்ட வை," என்று என்னிடம் சொன்னார். சுத்தியல், அரிவாள்மணை, தையல் மெஷின் ஊசி, மாமாவின் ஸ்பானர்கள் என்று ஒவ்வொன்றாக முடித்து, படியில் இருந்த முட்டை அட்டைக்கு வந்தேன். வழக்கம்போல முதலில் நோட்டில் எழுதினேன். மூன்றாவது பிளக் மட்டும் முனை கீழாகக் குப்புறக் கிடந்தது. வரிசையில் ஒன்று அப்படி இருப்பது எனக்குப் பொறுக்காது. நிமிர்த்தி வைத்து, அதன் நிறத்தையும் எழுதினேன். பிறகு நான்கையும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்தேன். பீங்கானை ஊசியால் சுரண்டிச் சுரண்டி வெள்ளையாக்கினேன். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சாமி மாடத்தில் அட்டையோடு நிறுத்தினேன். பள்ளிப் புத்தகங்களின் மேல் நீல நோட்டையும் அடுக்கினேன். இனி மறுநாள் காலையில் தேங்காய் உடைக்கும்வரை எதையும் தொடக்கூடாது.

நான்கு மணிக்கு மாமா வந்தார். கூடவே கடைக்கார அண்ணன். முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாயின் மகன். மாமாவின் உயிர்த் தோழன். மறுநாள் மாமாவின் பக்கத்து இருக்கையில் கைக்கடிகாரத்தோடு உட்காரப் போகிறவர் அவர்தான். மாடத்தை முதலில் பார்த்தவரும் அவரே.

"அலமாக்! பாப்பா, என்னம்மா இது? பிளக்கா, குத்துவிளக்கா?"

நான் செய்தது என்னவென்று அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். மாமா மாடத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார்.

"பரவால லா. பளபளன்னு நல்லாத்தான் இருக்கு. காலைல எடுத்து மாட்டிட்டு அப்படியே போலாம்."

"டேய் மச்சான், பாக்காமலா? முந்தா நாளுதான் பெட்ரோல் விடுற ஜெட்ட மாத்துனோம். உள்ள என்னா நடக்குதுன்னே தெரியாம எப்படிடா ஓட்டுறது?"

"சத்தம் நல்லாருக்கு. அது போதும்."

அடி விழுந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும். விழாததால் குற்றம் என்னிடமே தங்கிவிட்டது. மூன்று மாத உழைப்பை நான் புளி போட்டுக் கழுவிவிட்டேன்; மாமா என்மேல் உள்ள பிரியத்தால் சிரிக்கிறார். எப்படியாவது சரிசெய்தாக வேண்டும் என்று தீர்மானித்தேன். நேராக மாடத்துக்குப் போய் நோட்டை உருவினேன்.

"ஏய்! சாமிகிட்ட வச்சத எடுக்குற? படிப்பே வராது உனக்கு!" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினார்.

"வராட்டி போகட்டும்," என்றேன். அம்மாவை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. நடுக்கூடத்தில் நின்று, பள்ளியில் வாசிப்பதுபோல உரக்க வாசித்தேன்.

"முட்டை அட்டையில் நான்கு பிளக். ஒன்று, பால் ஊற்றிய கோப்பி. இரண்டு, அதே. மூன்று, சுண்ணாம்பு வெள்ளை. மேலே மிளகுத்தூள் போல எட்டுப் புள்ளி. இரண்டு புள்ளி மினுங்குகிறது. நான்கு, கோப்பி, கொஞ்சம் கறுப்பு."

இன்னும் ஒரு வரி இருந்தது. அதற்குள் மாமாவின் கை நோட்டின்மேல் விழுந்தது. "போதும் பாப்பா."

கடைக்கார அண்ணன் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "எட்டா? எண்ணினியா?"

"ரெண்டு தடவ எண்ணினேன்."

அவர் நிமிர்ந்தார். "மச்சான், அது மிளகுத்தூள் இல்லடா. பிஸ்டன். உருகித் தெறிச்சு வந்து ஒட்டியிருக்கு."

"சின்னப்புள்ள எழுதினத வச்சுக்கிட்டு வண்டிய நிறுத்தச் சொல்றியா? தூசியா இருக்கும்."

"பக்கத்துல உக்காரப் போறவன் நான். நூத்தி நாப்பதுல இஞ்சின் பிடிச்சுக்கிச்சுன்னா? அடுத்த மாசம் எனக்கு நிக்காஹ்டா. பிரியாணிக்கு ஆடு சொல்லியாச்சு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பிடிச்சுக்கிட்டா என்னாகும்?"

ஓடுகிற சக்கரம் சட்டென்று நின்றுபோகும், வண்டி எந்தப் பக்கம் புரளும் என்று சொல்ல முடியாது என்று கடைக்கார அண்ணன் விளக்கினார். அம்மா தன் தம்பியைப் பார்த்தார்.

"மாட்டி ஓட்டிப் பாரு. இப்பவே."

"அக்கா, பூசைல வச்சத இன்னிக்குத் தொடக்கூடாது. நீதானே சொல்லுவ."

மாமா அதுவரை சாமி காரியத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டி நான் பார்த்ததில்லை. அம்மா மாடத்திலிருந்து நான்கு பிளக்கையும் எடுத்தார். பூசைக்குக் கட்டியிருந்த சேலையின் முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தார். "சாமி எங்கயும் போயிடாது. மாட்டு."

ஐந்து மணிக்குத் தோட்டத்துச் சாலையில் இருந்தோம். எங்கள் மூவரையும் பழைய தோட்டத்துக் கோவிலடியில் இறக்கிவிட்டு, தனியாகத்தான் ஓட்டுவேன் என்று மாமா போனார். தூரத்தில் காரைத் திருப்பி, முழு வேகத்தில் வந்தார். செம்பனைகளுக்கு நடுவே அந்தச் சத்தம் வளர்ந்துகொண்டே வந்தது; திடீரென்று நின்றது. மிதித்த வேகத்திலேயே சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை அழுத்தியபடி உருண்டு வர வேண்டும். மெதுவாக ஓட்டி வந்து நிறுத்தினால் பிளக் வேறு கதை சொல்லிவிடும். கார் ஒரு பூனையைப்போல எங்கள்முன் வந்து நின்றது.

துணியைச் சுற்றி ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் அட்டையைப் பிடித்தேன். ஒன்று. இரண்டு. மூன்றைக் கழற்றி அட்டையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அம்மா கையை நீட்டினார். வாங்கி, சாய்ந்த வெயிலுக்கு நேராகப் பிடித்து, கையுறையில் துளை தேடும் கண்ணால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆறு," என்றார்.

"நோட்டுல எட்டு," என்றேன்.

"அதத்தான் நீ மத்தியானமே தேச்சு எடுத்துட்டியே. இது புதுசு. ஒரே ஓட்டத்துல ஆறு."

மாமா சாலையோரப் புல்லில் உட்கார்ந்தார்.

இஞ்சினை மறுபடி கிளப்ப அம்மா விடவில்லை. இரண்டு கல் தூரம் தள்ளிக்கொண்டு வந்தோம். கார் ஓட்டவே தெரியாத அம்மா, முந்தானையில் சந்தனக்கறையோடு ஸ்டீயரிங்கைப் பிடித்து நேராக உட்கார்ந்திருந்தார். ஆண்கள் இருவரும் பின்னால் தள்ளினார்கள். முட்டை அட்டையை ஏந்திக்கொண்டு நான் கடைசியில் நடந்தேன். சீனப்பாட்டி சன்னல்களைச் சாத்த வந்து, சத்தமில்லாமல் போகும் காரைப் பார்த்துக் குழம்பி, திறந்தே விட்டுவிட்டார்.

விஜயதசமி காலையில் மாமா பஸ் ஏறி கோப்பெங்குக்குப் போய், கார் வராது என்று சொல்லிவிட்டு வந்தார். வேலை வேறொருவருக்குப் போனது. அடுத்த வாரம் இஞ்சினைத் திறந்தபோது மூன்றாவது பிஸ்டனின் விளிம்பு எலி கடித்த பிஸ்கட்போல இருந்தது. மாமா பற்றவைத்த குழாய் அந்த இடத்தில் சரியாகப் பொருந்தாமல், நகக்கண் அகலத்துக்குக் காற்று கூடுதலாகப் புகுந்து, பெட்ரோல் போதாமல் போயிருந்தது.

மாமா என்னிடம் பதினொரு நாள் பேசவில்லை. ஒவ்வொரு நாளும் நோட்டில் "மாமா பேசவில்லை" என்று இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் முட்டை அட்டையோடு வந்து, "மருமவளே, நோட்ட எடு. நான் சொல்லச் சொல்ல எழுது," என்றார். புளி போட்டுத் தேய்த்ததை மன்னித்துவிட்டார் என்று மகிழ்ந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாமா ஓய்வு பெறும்வரை அந்த டயர் கடையில்தான் இருந்தார். கடைக்கார அண்ணனுக்கு இப்போது பேரன் இருக்கிறான். இருவரும் மாலையில் ஒரே மேசையில், இழுத்து ஆற்றிய தே தாரேக் குடிக்கிறார்கள்.

போன மாதம் நீல நோட்டின் தாள்கள் உதிரத் தொடங்கியதால், அதைப் பார்த்துப் படியெடுத்தேன். மாமாவின் பிளக்குகளைப் பற்றி அந்த நாளுக்கு முன் பத்தொன்பது பதிவுகள் இருந்தன. பத்தொன்பதிலும் நான்கு முனையும் மேலே பார்க்கின்றன. பார்க்க நேரமில்லை என்று போனவர் எதற்காக ஒன்றை மட்டும் குப்புற வைத்திருக்க வேண்டும்? நான் தேய்த்தது அவருக்குக் கோபமூட்டவில்லை. எழுதியதுதான் மூட்டியது. அந்தப் பதினொரு நாளில் அவரால் பார்க்க முடியாமல் போன முகம் என்னுடையது மட்டுமா, பக்கத்து இருக்கையில் உட்கார இருந்தவருடையதும்தானா என்பதும் எனக்கு இப்போது நிச்சயமில்லை.

அந்தப் பக்கத்தை அவர்கள் இருவருக்கும் காட்டப் போவதில்லை. ஆனால் படியெடுக்கும்போது எந்த வரியையும் விடக்கூடாது என்பது என் வழக்கம். அன்று மாமாவின் உள்ளங்கைக்கு அடியில் தங்கிப்போன வரியையும் எழுதிவிட்டேன்:

"மூன்றாவது மட்டும் குப்புற இருந்தது. அழகாக இல்லை. நிமிர்த்தி வைத்தேன்."