மீசையைத் தாண்டாத அழைப்பு

சான்றிதழ் அலுவலகத்தில் வரிசை எண்ணைக் கூப்பிடும் ஊழியருக்கு வெண்கலம் என்று பெயர். தொண்டைக்காக வந்த பட்டம். அவர் எண் சொன்னால் எதிர்ப்பக்கத்து சலூனில் பாதி சவரத்தோடு இருப்பவர்கூட ஒருமுறை எழுந்து உட்காருவார். அந்தத் தொண்டைக்குக் கூரை வேய்ந்ததுபோல ஒரு மீசை. மேலுதட்டை முழுசாகக் கைப்பற்றி, கீழுதட்டையும் அவ்வப்போது எட்டிப் பார்க்கும்.

ஒரு எண்ணை மூன்று முறை கூப்பிடுவார். ஆள் வராவிட்டால் மனுவில் 'அழைத்தும் வரவில்லை' என்ற முத்திரை விழும். அதோடு மனுவின் ஆயுள் முடிந்தது. புதிதாக எழுதிப்போட்டு இன்னொரு வாரம் காத்திருக்க வேண்டும்.

அன்று நாற்பத்தேழு வரவில்லை. "மகாராணிக்குப் பல்லக்கு அனுப்பணுமோ?" என்று கேட்டுவிட்டு முத்திரையை இறக்கினார். போன வாரமும் அதே மனுதாரருக்கு அதே முத்திரைதான்.

மதியம் கூட்டம் கலைந்த பிறகும், முன் பெஞ்சில் அவர் முகத்தையே பார்த்தபடி ஒரு தையற்காரி உட்கார்ந்திருந்தாள். கையில் நாற்பத்தேழு. அவர் முத்திரையைக் காட்டியதும், அளவுக் குறிப்பு நோட்டை எடுத்து எழுதி நீட்டினாள்:

'எனக்குக் காது கேக்காது. உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். உங்க உதடு மீசைக்குள்ள இருக்கு. மகளப் பள்ளிக்கூடத்துல சேக்க நாளைக்குக் கடைசி நாள்.'

வெண்கலம் இரண்டு முறை படித்தார். பிறகு மனுவோடு அதிகாரியம்மாவிடம் போனார்.

"விழுந்த முத்திரைய நான் எப்படி எடுக்கிறது? கூப்பிட்ட ஆளே தப்பு தன்னோடதுன்னு எழுதிக் குடுத்தா உண்டு" என்றார் அவர்.

கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பதுதான் அந்த அலுவலகத்தின் எழுதாத விதி. வெண்கலம் பேனாவைத் திறந்தார்: 'மனுதாரர் அழைக்கப்பட்டது உண்மை. அழைப்பு மீசையைத் தாண்டாததும் உண்மை. பிழை என்னுடையது.'

அதிகாரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். "எடுத்துக் குடுத்துருங்க."

"அதெப்படி மேடம்? முறையாக் கூப்பிட்டுத்தான் குடுக்கணும். அரைமணி நேரம்."

அரைமணியில் ஒரு புதிய ஆள் உள்ளே நுழைந்தார். "சாப்பாட்டு நேரம், வெளிய இருங்க" என்றார் அதிகாரியம்மா.

"நான்தான் மேடம்."

இருபத்திரண்டு வருடம் வெயில் படாத மேலுதடு, இட்லித்துணிபோல வெளுத்திருந்தது. கூடத்தில் இருந்தது ஒரே ஒருத்தி. அவள் எதிரே போய் நேராக நின்று, சத்தமே இல்லாமல், ஒவ்வொரு அசைவாக, "நாப்பத்தேழு" என்றார்.

முதல் அழைப்புக்கே எழுந்தாள்.

சான்றிதழை மடித்து நோட்டுக்குள் வைத்தாள். போகிறவள் திரும்பி, ஒரு வரி எழுதிக் காட்டினாள்:

'உங்க மூஞ்சிக்கு இது நல்லாவே இல்லண்ணே. ஆனா நல்லாக் கேக்குது.'