ரிமோட் என் கையில்

என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மட்டாஞ்சேரி கடைத்தெருவில் மிளகு வியாபாரம். ஆட்டோக்காரர், கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர், நான், யாரையும் அவர் விட்டுவைத்ததில்லை. இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் பொறுமையைக் கொடு என்று நான் சாமியிடம் கேட்காத நாளில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

நடுக்குவாதத்தில் சாயா கிளாஸைக்கூடப் பிடிக்க முடியாமல் போன பிறகு, அவர் மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்தார்கள். தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கடியில் பேட்டரி. ரிமோட்டை என்னிடம் தந்தார்கள். நடுக்கம் நின்றது, கூடவே கோபமும். துபாயிலிருக்கும் மகளுக்கு ஒரே குஷி.

"இனிமே எல்லார் தலையிலயும் இது வந்துடும்மா. வேண்டாத குணத்தை எடுத்துடலாம்."

எது வேண்டாத குணம் என்று யார் முடிவு செய்வது என்று கேட்டேன். சிரித்தாள்.

ஆடி அமாவாசையான கர்க்கடக வாவுக்கு ஆலுவா ஆற்றங்கரைக்குப் போனோம். வருஷா வருஷம் தன் அம்மாவுக்குப் பலிச்சோறு வைத்துவிட்டு, ஈரக் கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிடுவார். அது வந்து கொத்தும்வரை நகரமாட்டார். வந்ததும், "அம்மா வந்துட்டா" என்று தேம்பி அழுவார். போன வருஷம் கை நடுங்கியதில் தட்டுகிற சத்தமே எழவில்லை. அப்போதும் வெயிலில் காத்துக் கிடந்தார்.

இந்த வருஷம் கை நன்றாகவே தட்டியது. ஆனால் தட்டிய கையோடு எழுந்து வேட்டியைப் பிழிந்துகொண்டு, "வா, சாயா குடிக்கலாம்" என்றார்.

"காக்கை வரலியே?"

"வந்தா தின்னுட்டுப் போகுது." முகமெல்லாம் சிரிப்பு.

சோற்றுருண்டை அப்படியே கிடந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். ரிமோட்டில் கரண்டுக்கு இரண்டாவதாக ஓர் அளவும் வைத்துத் தந்தார். அதில் கை கொஞ்சம் நடுங்கும், ஆள் பழையபடி இருக்கலாம். எது வேண்டுமென்று அவரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

கேட்டேன். "நீ எதை வெச்சாலும் எனக்குச் சந்தோஷம்தான்" என்றார். சந்தோஷப்படுத்துகிற கம்பியிடமே அபிப்பிராயம் கேட்டால் வேறென்ன சொல்லும்? மறுநாள் காலையில் அளவை மாற்றினேன். மத்தியானச் சாப்பாட்டில் விரல்கள் ஆடத் தொடங்கின. கை பட்டுச் சாம்பார் மேஜையெல்லாம் கொட்டியது. விருட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

"வாவன்னிக்குக் காக்கை வந்துதா?"

நான் குனிந்து சாம்பாரைத் துடைத்தேன். அவர் முகம் கோணி, அழுகை பீறிட்டது. அழுகை அடங்கியதும், "உங்களுக்கு எப்படி இருக்கணும்? நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"என்னை எதுக்குக் கேக்கறே? அந்தச் சிரிக்கிறவனையே வெச்சுக்கோ. உனக்கு அவனைத்தானே பிடிச்சிருக்கு?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கை மேஜையில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. பார்க்கச் சகிக்காமல் ரிமோட்டை எடுத்தேன். வேண்டாம் என்று கையை நீட்டினார். அது ஆடிய ஆட்டத்தில் என் கையை எட்டவில்லை.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு சாம்பார் ரொம்ப நல்லா இருந்தது" என்றார்.